பிறர் நோவும் நம் கடமையும்

மனிதன் தன் நோவை அறிவது போலப் பிறன் நோவை அறிவதில்லை. தனக்கு நோகிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. பிறனுக்கு நோகிறது என்பதை அவன் சொல்லாலும் முகக்குறியாலுமே அறிகின்றோம். இவ்விரு அறிவுகளுக்கும் இடையிலுள்ள வெளி மெய்யியலாளரை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்துள்ளது. ஆயினும் அது நூலகத்து மேசையோடு முடிந்துவிடும் வினாவன்று. முறிந்த கையோடும் காலோடும் மனிதர் படுத்திருக்கும் வைத்தியசாலை விடுதியிலே தாதி ஒருவர் இரவும் பகலும் அதற்கு விடை கண்டாக வேண்டியவராக இருக்கிறார். கட்டிலிலிருந்து 'நோகுது' என்ற குரல் எழுகிறது. அதனை அவர் நம்புவதா? நம்பினால், தொடங்கிய செயலை நிறுத்துவதா, தொடர்வதா? பிறனுக்கு நோவு உண்டாக்கும் உரிமை எவருக்கேனும் உண்டா? உண்டெனின் அஃது எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாக்களை என்பு முறிவுப் பராமரிப்பை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாதியியல் கலைப்பீட மாணவர் புகுதற்குரிய துறையோ எனச் சிலர் ஐயுறக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு ஐயுற்றதாகத் தெரியவில்லை. 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து அதனை இயற்றுபவனையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். சரக சங்கிதையும் இந்நாற்பகுப்பைக் கூறும். பரிமேலழகர் இந்நான்கினுக்கும் தனித்தனிப் பண்புகளை எண்ணும்போது, நோயாளிக்கு உரியனவற்றுள் தன் நோய்நிலையை உணர்த்துதலையும் மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலையும் வைத்தார். நோயுற்றுத் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தர் தம் கையாலே தூய்மை செய்த வரலாற்றைக் கூறும் மகாவக்கமும், நோயை உள்ளவாறு சொல்லுதலையும் நோவைப் பொறுத்தலையும் நல்ல நோயாளியின் இயல்புகளாகக் கொள்கிறது. சொல்லுதல், பொறுத்தல் எனும் இரண்டும் நோயாளியின் கடமைகளாயின், அவற்றுக்கு எதிர்நிற்கும் கடமைகள் பராமரிப்பவரிடம் இருத்தல் வேண்டும். சொல்லுதற்கு எதிர்நிற்பது கேட்டு நம்புதல். பொறுத்தற்கு எதிர்நிற்பது வீணே பொறுக்க வையாமை. இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும் இடமே நாம் நுணுகி நோக்க வேண்டிய இடமாகும்.

ஏனைய நோய்களை விடுத்து என்பு முறிவை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? முறிந்த என்பை மருந்து ஒட்டுவதில்லை. உடல் தானே ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் குருதி உறைகிறது. அதன்மேல் மென்மையான இழையம் படர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. பின்னர் அது இறுகி என்பாகிறது. முனைகளை நேர்ப்படுத்தி அசையாது நிறுத்துவதே வைத்தியரின் பணி. சத்திரசிகிச்சை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். எஞ்சிய நாட்களும் வாரங்களும் காத்திருத்தலில் கழிவன. அக்காலத்தில் நோயாளியைக் கழுவுவதும், புரட்டுவதும், மலசலம் கழிக்க உதவுவதும், எழுப்பி நிறுத்துவதும் தாதியின் பணிகள். இவற்றுள் நோவு தராத பணி அரிது. நோவைத் தணிக்க வந்தவரே நாள்தோறும் நோவு தருபவராகவும் இருக்க வேண்டிய நிலை இது. ஆதலின் நாம் எடுத்துக்கொண்ட வினா இங்கே கூர்மை பெறுகிறது.

இருவேறு நிலைமைகளை அடுத்தடுத்து வைத்து நோக்குவோம்.

முதலாவது, முழங்கைக்குச் சற்று மேலே என்பு முறிந்து கட்டுப் போடப்பட்ட ஒரு சிறுவனின் நிலைமை. மாலையில் அவன் நோகிறது என்கிறான். வழக்கமான மருந்து கொடுக்கப்படுகிறது. ஒரு மணித்தியாலத்தின் பின் மீண்டும் அழுகிறான். விரல்களை நீட்டிப் பார்த்தால் வீரிடுகிறான். கதிர்ப்படத்தில் என்பு ஒழுங்காகவே இருக்கிறது. விரல்கள் சிவப்பாகவும் மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டும் இருத்தல் கூடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும்; நோகிறது என்ற சிறுவனின் சொல் ஒன்றே அதற்கு மாறாக நிற்கும். உண்மை யாதெனில், முன்கையின் தசைகள் எளிதில் நெகிழாத உறையொன்றினுள் அடங்கியிருக்கின்றன. உள்ளே குருதி கசிந்து வீக்கம் ஏறும்போது அவ்வுறைக்குள் அழுத்தம் கூடுகிறது. நுண்ணிய குருதிக் கலன்கள் நெரிபடுகின்றன. தசை உணவின்றிச் சாகத் தொடங்குகிறது. சுமார் 6 மணித்தியாலம் இவ்வாறு கழியுமாயின் இழப்பு மீளாததாகிவிடலாம். இறந்த தசை சுருங்கி, விரல்கள் நகம் போல் வளைந்து, அக்கை ஆயுள் முழுவதும் பயனற்றுப் போகும். இறுகிய கட்டுக்களின் பின் தோன்றும் இவ்வூனத்தை 1881ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய ஜேர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் றிச்சாட் வொன் வோல்க்மன் என்பாரின் பெயரே இன்றும் அதற்கு வழங்குகிறது.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. உணர்ச்சி கெடுதல், அசைவு நிற்றல், நாடி மறைதல் ஆகிய குறிகள் காலம் தாழ்த்தியே வருவன. அவற்றுக்காகக் காத்திருப்பவர் கையை இழந்த பின்னரே உண்மையை அறிவார். காயத்தின் அளவுக்கு மிஞ்சிய, மருந்துக்கு அடங்காத நோவே முதற்குறி. அச்சொல்லை நம்பிக் கட்டைத் தோல் தெரியும்வரை பிளந்து தளர்த்தி, வைத்தியரை உடனே அழைப்பித்தால் கை பிழைக்கும். அழுத்தம் தணியாவிடின் தசையுறையை வெட்டித் திறப்பர். 'சின்னப் பிள்ளைதானே, அழும்' என்று திரும்பிச் சென்றால் கை போகும். ஒருவர் சொல்லை நம்புதலும் நம்பாமையும் ஓர் உறுப்பின் உயிராகவும் சாவாகவும் மாறும் இடம் இது.

இரண்டாவது, இடுப்பு மூட்டருகே தொடையென்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்ட எண்பது வயது மூதாட்டி ஒருவரின் நிலைமை. சிகிச்சை முடிந்த மறுநாளே அவரை எழுப்பி நிறுத்த வேண்டும் என்பது இன்றைய முறை. தடையேதும் இல்லாவிடத்து அவ்வாறே செய்யுமாறு 2011ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டியும் விதிக்கிறது. மூதாட்டியோ நோகிறது, விட்டுவிடுங்கள் என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று, உண்மையாகவே நோகிறது. எனினும் அச்சொல்லுக்கு இணங்கி அவரைப் படுக்கவிட்டால், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். காலின் நாளங்களில் குருதி உறையும். முதுகடியில் படுக்கைப் புண் தோன்றும். தசைகள் நாளுக்கு நாள் வலியிழக்கும். இவற்றுள் ஒன்று அவர் உயிரையும் கொண்டு செல்லலாம். முதல் நிலைமையில் நோவென்ற சொல் செயலை நிறுத்தச் சொல்கிறது. இரண்டாவதில் அதே சொல்லைக் கேட்டும் செயலைத் தொடர வேண்டியிருக்கிறது. இவை இரண்டையும் ஒரே அறத்தின் கீழ்க் கொண்டுவருதல் எங்ஙனம்?

மருத்துவ வரலாறும் இவ்விரு முனைகளுக்கு இடையே ஊசலாடியே வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ், மூட்டு நோய்க்கும் முறிவுக்கும் இடையறாத நீண்ட ஓய்வே மருந்தென வற்புறுத்தினார். அவர் அமைத்த காற்சட்டகம் முதலாம் உலக யுத்தத்தில் தொடையென்பு முறிந்த எண்ணற்ற போர்வீரரின் உயிரைக் காத்தது. ஆனால் ஓய்வு என்பது காலப்போக்கில் ஆராயப்படாத நம்பிக்கையாயிற்று. 1947ஆம் ஆண்டில் ஆங்கிலேய வைத்தியர் றிச்சாட் ஆஷர், படுக்கையினால் விளையும் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி எழுதியமை அந்நம்பிக்கையை அசைத்தவற்றுள் ஒன்று.

அதற்கு முன்னரே அவுஸ்திரேலியாவில் எலிசபெத் கெனி என்ற பெண்மணி, இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட பிள்ளைகளின் கைகால்களைச் சட்டங்களில் அசையாது பிணித்து வைக்கும் முறையை எதிர்த்தார். கம்பளித் துண்டுகளை வெந்நீரில் தோய்த்துப் பிழிந்து, நோகும் தசைகளின்மேல் இட்டு இதமளித்து, பின் மெல்ல மெல்ல அசைத்துப் பழக்கினார். முறையான தாதியர் பட்டம் அவரிடம் இருக்கவில்லை. 1938இல் குயின்ஸ்லாந்தின் அரச ஆணைக்குழு அவர் முறையை ஏற்க மறுத்தது. ஆயினும் 1942இல் ஐக்கிய அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரால் ஒரு நிலையமே எழுந்தது. நோய் பற்றி அவர் கூறிய விளக்கங்கள் யாவும் நிலைபெறவில்லை. பிணித்து வைக்கும் வழக்கமோ கைவிடப்பட்டது. சட்டத்துள் கிடந்த பிள்ளையின் நோவைப் பொருட்படுத்தத் தக்க ஒரு செய்தியாக அவர் கொண்டமையே இங்கு நமக்கு வேண்டுவது.

இவ்வரலாற்றிலிருந்து 'ஓய்வு சரி', 'அசைவு சரி' என்ற பொதுவிதி எதனையும் நாம் பெற இயலாது. எது, எவருக்கு, எந்நாளில் என்பதே வினா. அதற்குரிய விடையின் ஒரு பாதி வைத்திய அறிவில் உள்ளது. மறுபாதி படுக்கையில் இருப்பவரின் வாயில் உள்ளது.

இனி நம் வினாவுக்கு வருவோம். மேற்காட்டிய முரண் தோன்றுவதற்குக் காரணம், நம்புதலையும் இணங்குதலையும் நாம் ஒன்றாகக் கொள்வதே. அவை வெவ்வேறானவை. ஒருவர் நோகிறது என்று கூறின் அதனை நம்புவது எக்காலத்தும் கடமை. அதற்கு இணங்கி நிறுத்துவது சில வேளைகளில் மட்டுமே கடமை. சிறுவனின் சொல்லை நம்பியதால் தாதி கட்டைத் தளர்த்துகிறார். மூதாட்டியின் சொல்லை நம்பியதால், எழுப்புவதற்கு அரை மணித்தியாலம் முன்னரே நோவு தணிக்கும் மருந்தைக் கொடுக்கிறார். கட்டிலின் உயரத்தைத் தாழ்த்துகிறார். துணைக்கு இன்னொருவரை அழைக்கிறார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்கிறார். "நோகும் ஆச்சி, எனக்குத் தெரியும். பத்து எண்ணும் வரைக்கும் நில்லுங்கோ. பிறகு இருத்தி விடுறன்" என்று சொல்பவரும், "இதெல்லாம் ஒரு நோவே? எழும்புங்கோ" என்று சொல்பவரும் செய்யும் செயல் புறத்தே ஒன்றுதான். இருவரும் அவரை எழுப்பியே விடுகின்றனர். அறத்தின் கண்ணிலோ முன்னது பராமரிப்பு, பின்னது வன்செயல். முன்னவர் நோவை ஏற்று, அதற்கு ஓர் எல்லை வகுத்து, தாம் சொன்ன சொல்லால் தம்மையும் கட்டிக்கொள்கிறார். பத்து எண்ணி முடிந்ததும் அவர் மூதாட்டியை இருத்தத்தான் வேண்டும். இருத்தாவிடின் மறுநாள் அவர் சொல்லுக்கு மதிப்பிராது.

நோவு தரும் உரிமை இங்கிருந்தே பிறக்கிறது எனலாம். அறிவு மிகுந்திருத்தல் மட்டும் அவ்வுரிமையைத் தந்துவிடாது. நல்நோக்கமும் தனித்து நின்று அதனைத் தாராது. நம்பியும், உண்மையைச் சொல்லியும், தணிக்கக்கூடியதைத் தணித்தும், கேட்டு உடன்பாடு பெற்றும் நின்ற பின்னரே எஞ்சிய நோவைப் பொறுக்குமாறு ஒருவரை வேண்டலாம். அதன் பின்னும் தெளிந்த அறிவுடைய ஒருவர் இயலாதென மறுப்பாராயின், இழுத்து நிறுத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஏன் மறுக்கிறார் என்று கேட்கலாம். விழுந்துவிடுவேன் என்ற அச்சம் நோவென்ற சொல்லின் பின்னே ஒளிந்திருந்தால் அதனைப் போக்கலாம். மாலையில் மீண்டும் வந்து கேட்கலாம். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளாது அவனையே நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என 1785இல் வெளியிட்ட நூலில் இம்மானுவேல் கான்ற் நிறுவிய கொள்கையை விடுதியில் மீறுவதற்குப் பெருங்கொடுமை எதுவும் வேண்டியதில்லை. 'நாலாம் கட்டில் இடுப்பு' என்று ஒருவரைக் குறிப்பிடப் பழகிவிட்டாலே போதும். பிறிதொருவன் கையில் நோவுண்டானால் நாம் கைக்கு ஆறுதல் சொல்வதில்லை, அவன் முகத்தை நோக்கி அவனுக்கே சொல்கிறோம் என்ற கருத்தை 1953இல் வெளிவந்த தம் நூலில் விற்கன்ஸ்ரைன் குறித்தார். நோவு உறுப்பில் இருப்பினும் நோவுடையவர் மனிதர் என்பதே இதன் சாரம்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. நம் நாட்டு வைத்தியசாலைகளில் நோயாளிக்குத் துணையாக உறவினர் நிற்பது வழக்கம். மகளோ பேத்தியோ அருகிருந்து ஊட்டுகின்றனர், துடைக்கின்றனர், தலைவாருகின்றனர். இவ்வன்பின் பெருமை மறுத்தற்கரியது. ஆயினும் எழுப்ப வரும் மிஸ்ஸியைத் தடுத்து, 'பாவம், நோகப் பண்ணாதேயுங்கோ' என மன்றாடுவதும், இரு கையும் நலமாயுள்ளவருக்கு வாயில் ஊட்டுவதும் அவ்வன்பே. அவ்வேளையில் நாம் தணிக்க விழைவது அவரது நோவையா, அதனைக் காணப் பொறாத நம் மனவருத்தத்தையா? மூன்று கிழமை இவ்வாறு கழிந்தபின், என்பு ஒட்டியும் நடக்க இயலாதவராய் அவர் வீடு திரும்புவாராயின், அன்பே அவரைப் பிணித்து வைத்த சட்டமாயிற்று என்று கூறுதல் தகும். சட்டைப் பொத்தானை ஒருவர் தாமே பூட்டுவதற்கு ஐந்து நிமிடம் தடுமாறும்போது, கையை எடுத்துக்கொண்டு அருகே நிற்பதும் ஒரு பணிவிடைதான்.

பிறர் நோவை அறிவதற்குத் தானும் நோவுற்றிருத்தல் வேண்டுமோ என்ற கேள்வியும் இங்கு எழும். இங்கிலாந்தில் என்பு நோய்த் தாதியியலுக்கு அடித்தளம் இட்ட அக்னஸ் ஹன்ற் அம்மையார், சிறுவயதிலேயே இடுப்பு மூட்டு நோயால் கால் ஊனமுற்றவர். 1900ஆம் ஆண்டில் பாஸ்சேர்ச் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய இல்லத்தில் ஊனமுற்ற பிள்ளைகள் திறந்த வெளிக் கொட்டகைகளில் பராமரிக்கப்பட்டனர். தம் காலுக்குச் சிகிச்சை நாடிச் சென்றவிடத்தே அறிமுகமான, தோமஸின் மருமகனாகிய றொபேட் ஜோன்ஸ் என்ற நிபுணரை அவ்வில்லத்துக்கு வரச்செய்தார். ஊனமுற்ற இளைஞர் தொழில் பயிலும் கல்லூரி ஒன்றையும் 1927இல் நிறுவினார். அவர் வாழ்வு வியக்கத்தக்கது. ஆனால் நோவுற்றவரே நோவை நம்ப இயலும் என்போமாயின் உலகில் பெரும்பாலானோர் அக்கடமையிலிருந்து நழுவிவிடுவர். நோவு என்பது அதனை அனுபவிப்பவர் சொல்வதே எனத் தாதியர் கொள்ள வேண்டும் என்று 1968இல் அமெரிக்கத் தாதி மார்கோ மக்கஃபரி முன்வைத்த கொள்கை இச்சிக்கலை எளிதாக்குகிறது. அனுபவம் வேண்டியதில்லை, கேட்கும் செவி போதும்.

கேட்பதற்கு மொழியும் வேண்டும். நோ, உளைவு, குத்து, எரிவு, விறைப்பு என நம் மக்கள் வேறுபடுத்திச் சொல்லும் சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஆழத்தில் உளைவதும், விரல்நுனி விறைப்பதும், தோல் எரிவதும் வெவ்வேறு கேடுகளைச் சுட்டுவன. கட்டின் கீழ் ஓரிடத்தில் மட்டும் எரிகிறது என்பது அங்கே புண் உண்டாகிறது என்பதற்கு அறிகுறியாகலாம். பேசும் மொழி விளங்காத விடுதியில் இச்சொற்கள் யாவும் ஒரே முகச்சுளிப்பாகச் சுருங்கிவிடுகின்றன. இரு மொழிகள் வழங்கும் இந்நாட்டில், தமிழ்த் தாதி 'ரிதெனவா' என்ற சொல்லையும் சிங்களத் தாதி 'நோகுது' என்ற சொல்லையும் அறிந்திருத்தல் நல்லெண்ணத்தின் அடையாளம் மட்டுமன்று. சிகிச்சையின் ஒரு பகுதியுமாகும்.

இக்கருத்துக்கு இரு தடைகள் கூறப்படலாம். நோயாளிகளுள் சிலர் நோவை மிகைப்படுத்துவர்; அனைவரையும் நம்பினால் ஏமாறுவோம் என்பது ஒன்று. ஏமாறுதலின் விலையையும் நம்பாமையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மிகைப்படுத்திய ஒருவரை நம்பியதால் இழப்பது சில நிமிட நேரம். உண்மை சொன்ன ஒருவரை நம்பாததால் இழப்பது ஒரு கை. மேலும், நம்புதல் என்பது கேட்ட மருந்தையெல்லாம் கேட்டவாறு கொடுத்தலன்று. அருகே சென்று, விரலை அசைத்து, நிறத்தை நோக்கி, வெம்மையைத் தொட்டு அறிதலே அதன் முதற்படி.

மற்றது, ஒரு தாதி ஐம்பது கட்டில்களுக்குப் பொறுப்பாக நிற்கும் இரவில் இவ்வறம் பேசுதல் எளிது, செய்தல் அரிது என்பது. இத்தடை வலிமையானது. ஓடியோடிக் களைத்தவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையாகாது. ஆனால் இத்தடை கடமையை நீக்கிவிடவில்லை. அது பரந்து கிடப்பதையே காட்டுகிறது. கட்டில்களுக்கேற்பத் தாதியரை நியமிக்காத நிருவாகமும், அதனைக் கேளாதிருக்கும் பொதுமக்களாகிய நாமும் அச்சிறுவனின் குரலைக் கேளாதோர் வரிசையிலேயே நிற்கின்றோம். விடுதி வாயிலில் நின்று தாதியரைக் குறை கூறுவது எளிது. இரவில் அங்கே எத்தனை பேர் பணியில் இருந்தனர் என்று கேட்பதே தகுதியான கேள்வி.

தொகுத்து நோக்குமிடத்து, பிறர் நோவை நாம் ஒருபோதும் தன் நோவு போல உணரமாட்டோம் என்பது உண்மை. அவ்வுண்மை நம்மைக் கடமையிலிருந்து விடுவிப்பதில்லை. உணர இயலாத ஒன்றை மற்றவரின் சொல்லை ஆதாரமாகக் கொண்டே ஏற்க வேண்டியிருத்தலின், அச்சொல்லுக்கு நாம் தரும் மதிப்பே அம்மனிதருக்கு நாம் தரும் மதிப்பாகிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும், தொடர வேண்டிய இடத்தில் சொல்லித் தொடரவும், விலகி நிற்க வேண்டிய இடத்தில் அருகே விலகி நிற்கவும் அம்மதிப்பே வழிகாட்டும். என்பு தானே ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டும்வரை அம்மனிதர் மனிதராகவே இருந்தாரா என்பது மட்டும் அருகிருந்தவரைப் பொறுத்தது.